கேட்டுக்கும் படிக்கும் நடுவே: பேவர் பிளாக்கா, காங்கிரீட்டா?

வீடு கட்டுகிறவர்களுக்கு வெளித்தரை ஞாபகம் வருவது கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான். பெயிண்ட் வேலை முடிந்திருக்கும், கேட் மாட்டியாகியிருக்கும், கையிலிருந்த பணமும் கரைந்திருக்கும். கேட்டுக்கும் வாசல் படிக்கும் நடுவே ஒரு நானூறு சதுர அடி மண் மட்டும் மிச்சம். அதில் உடைந்த செங்கல், காய்ந்த சாந்துக் கட்டி, வயர் துண்டு. “இதுக்கு என்ன சார் பண்ணலாம், பேவர் பிளாக் போட்டுடலாமா, இல்ல காங்கிரீட்டே ஊத்திடலாமா?” என்று மேஸ்திரி கேட்பார். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, எதிர் வீட்டில் என்ன போட்டிருக்கிறார்களோ அதையே சொல்வார்.

பல வருடமாக வீட்டு வேலைகளை மேற்பார்வை பார்க்கிறேன். இந்தக் கேள்விக்கு நிறத்தையும் டிசைனையும் சதுர அடி ரேட்டையும் வைத்து முடிவெடுத்த இடங்களில்தான் பிறகு அதிகம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை. அங்கே என்ன மண், எப்போது நிரப்பிய மண், எந்தெந்தக் குழாய் ஓடுகிறது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது. இவை தெரிந்துவிட்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு ஒன்றுதான். காங்கிரீட் ஒரே பலகை. பேவர் பிளாக் நூற்றுக்கணக்கான துண்டுகள், மணல் படுக்கைமேல் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவை. கீழே மண் ஓரிடத்தில் அரை இஞ்ச் இறங்கினால் காங்கிரீட் பலகை கொஞ்ச நாள் பாலம் மாதிரி தாங்கும், பிறகு விரியும். பேவர் உடனே பள்ளமாகிக் காட்டிக்கொடுக்கும், ஆனால் உடையாது. எடுத்து மணலைச் சரிசெய்து திரும்ப வைத்துவிடலாம். இந்தக் கல் பரவலாக வந்த கதையும் இதையேதான் சொல்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெதர்லாந்தில் தெருவுக்குப் போடும் சுட்ட செங்கல்லுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அதற்கு மாற்றாகத்தான் காங்கிரீட் கற்களை வார்த்துப் பதிக்கத் தொடங்கினார்கள். அந்த நாட்டின் பல ஊர்கள் மெத்தென்ற, மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும் மண்மேல் நிற்பவை. இறங்கிய தெருவை எடுத்து, மண் நிரப்பி, அதே கல்லை மறுபடி அடுக்குவது அங்கே வழக்கமான வேலை. நகரும் மண்ணுக்காகவே வந்த தரை என்று பேவரைச் சொல்லலாம்.

நம் ஊரில் வீட்டைச் சுற்றியுள்ள மண் எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டி, கட்டி முடித்து, தோண்டிய மண்ணையே திரும்பத் தள்ளி மூடுகிறோம். அதை அரை அடிக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடிப்பவர்கள் குறைவு. சுவரை ஒட்டி இரண்டு மூன்று அடி அகலத்துக்கு மண் பொலபொலவென்றுதான் இருக்கும். முதல் ஐப்பசி மழையில் அந்தப் பட்டை இறங்கும். அதன்மேல் அவசரமாக ஊற்றிய காங்கிரீட்டில் சுவருக்கு இணையாக நீளமாக ஒரு விரிசல் வருவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். மேஸ்திரி சிமெண்டை ஏமாற்றிவிட்டார் என்று வீட்டுக்காரர் சந்தேகப்படுவார். பெரும்பாலும் ஏமாற்றியது மண்.

கரிசல் மண் உள்ள ஊர்களில், கோவில்பட்டி, விருதுநகர் பக்கம், சங்கதி இன்னும் கடினம். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண், மழையில் ஊறி உப்பும். அதன்மேல் நேரடியாக நாலு இஞ்ச் காங்கிரீட் ஊற்றினால் கம்பி போட்டிருந்தாலும் தூக்கிவிடும். அங்கே எந்தத் தரை போடுவதானாலும் மேல் மண்ணை எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்பி இடிக்கத்தான் வேண்டும். அப்படியும் எனக்கு அங்கே பேவர்மேல்தான் நம்பிக்கை, ஏனென்றால் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் திருத்த முடியும். செம்மண், சரளை மண் உள்ள ஊர்க்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. நன்றாக இறுகிய பழைய தரையாக இருந்தால் காங்கிரீட் தயங்காமல் ஊற்றலாம்.

அடுத்தது குழாய். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டிலிருந்து படிவரை முழுக்கக் காங்கிரீட். அழகாக வந்திருந்தது, பெருக்கச் சுலபம், அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. ஐந்தாவது வருடம் சமையலறைக் கழிவுநீர்க் குழாயில் எங்கேயோ ஒரு மூட்டு விட்டுவிட்டது. செப்டிக் டேங்கின் மூடி ஓரத்தில் ஈரம், ராத்திரியில் நாற்றம். எந்த இடம் என்று தெரியாமல் பிரேக்கர் மெஷினை வைத்து ஆறு இடத்தில் உடைத்தார்கள். இரண்டு நாள் வீடு முழுக்கத் தூசி. ஏழாவது இடத்தில் குழாய் கிடைத்தது. மறுபடி பூசிய இடங்கள் இன்றைக்கும் வேறு நிறத்தில், ஓரங்கள் லேசாகப் பிளந்து, ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரிதான் இருக்கின்றன. அதே தெருவில் இன்னொரு வீட்டில் அதே மாதிரி கசிவு வந்தபோது இரண்டு ஆட்கள் வந்தார்கள். ஒரு கல்லை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்ததும் மற்றவை கையோடு வந்தன. முப்பது நாற்பது கல்லை வரிசையாக ஓரமாக அடுக்கி, குழாயை மாற்றி, மண்ணைத் தள்ளி இடித்து, மணல் விரித்து, கல்லைப் பதித்துவிட்டு சாயந்திரம் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். வேலை நடந்த சுவடே இல்லை.

கழிவுநீர், குடிநீர், சம்ப், செப்டிக் டேங்க், பூமிக்கடியில் வரும் மின்கம்பி என்று எல்லாமே நம் வீடுகளில் முன்வாசல் வழியாகத்தான் போகின்றன. பாதாளச் சாக்கடை இன்னும் வராத ஊராக இருந்தால், அது வரும் நாளில் இணைப்புக்காக நிச்சயம் தோண்ட வேண்டியிருக்கும். அந்தப் பாதையில் காங்கிரீட் ஊற்றுவதை நான் இப்போதெல்லாம் யாருக்கும் சொல்வதில்லை. ஊற்றத்தான் போகிறோம் என்றால் குழாய் போகும் கோட்டை வீட்டு வரைபடத்தில் அளவோடு குறித்து, மூடுவதற்கு முன் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் படம் இருந்திருந்தால் ஆறு இடம் உடைபட்டிருக்காது.

இனி தண்ணீர். நானூறு சதுர அடி என்பது சுமார் 37 சதுர மீட்டர். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த இடத்தில் மட்டும் விழும் தண்ணீர் 3,700 லிட்டர். வடகிழக்குப் பருவமழையில் சென்னைக்கோ கடலூருக்கோ இது அபூர்வமான மழை இல்லை. மண்ணாக இருந்தபோது அதில் ஒரு பங்கையாவது அது குடித்தது. காங்கிரீட் ஊற்றியபின் மொத்தமும் தெருவுக்குப் போகிறது. 2003-ல் தமிழ்நாடு எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. மொட்டை மாடித் தண்ணீருக்குக் குழாய் வைத்தோம். தரையில் விழும் தண்ணீரை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 2015 டிசம்பரில் இடுப்பளவு வெள்ளத்தில் நின்ற சென்னையே 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தது. ஒரு வீட்டு வாசலை மாற்றினால் நகரத்தின் தலையெழுத்து மாறிவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த வாசல் நம் கையில் இருக்கிறது.

பேவர் போட்டால் தண்ணீர் தானாக இறங்கிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதில் பாதிதான் உண்மை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு முதல் நாலு மில்லிமீட்டர் இடைவெளி, அதில் மணல். புதிதாகப் போட்டபோது கொஞ்சம் இறங்கும், பிறகு தூசியும் களிமண்ணும் அடைத்துக்கொண்டு பெருமழையில் பெரும்பகுதி வழிந்துதான் ஓடும். அதைவிட மோசம், நம் ஊரில் நடக்கும் ஒரு கலப்பு வேலை. “ஸ்ட்ராங்கா இருக்கும் சார்” என்று சொல்லி அடியில் மூன்று இஞ்ச் காங்கிரீட் போட்டு, அதன்மேல் சாந்து வைத்துப் பேவரை ஒட்டி, இடைவெளியிலும் சிமெண்ட் பால் ஊற்றிவிடுகிறார்கள். பேவரின் இரண்டு நன்மையும் அதோடு போச்சு. தண்ணீர் இறங்காது, கல்லைப் பிரித்தெடுக்கவும் முடியாது. மண் இறங்கினால் இரண்டும் சேர்ந்து விரியும். இரண்டு தரைக்குமான காசைக் கொடுத்துவிட்டு இரண்டின் குறையையும் வாங்கி வைத்துக்கொள்ளும் வேலை இது. தயவுசெய்து இதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தண்ணீர் நிஜமாகவே இறங்க வேண்டும் என்றால் அதற்கென்று செய்ய வேண்டும். நடுவில் ஓட்டையுள்ள புல் பேவர் ஒரு வழி. பக்கங்களில் மேடு வைத்து வார்த்த, இடைவெளி அகலமான கல்லைப் பதித்து, இடைவெளியில் மணலுக்குப் பதில் சின்ன ஜல்லியும் அடியில் தூள் கலக்காத ஜல்லியும் போடுவது இன்னொரு வழி. எல்லாவற்றையும்விடச் சுலபமானது, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மண்ணை அப்படியே விட்டு, தரையின் வாட்டத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடுவது. அதில் செம்பருத்தியோ கறிவேப்பிலையோ வைத்துக்கொள்ளலாம். மேலே எந்தத் தரை இருந்தாலும் இது வேலை செய்யும். வாட்டம் மட்டும் வீட்டுச் சுவரை விட்டு விலகிப் போக வேண்டும். பத்தடிக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை இஞ்ச் இறக்கம் போதும்.

இவ்வளவையும் படித்தவர்களுக்கு நான் பேவர் கட்சி என்று தோன்றும். முழுக்க அப்படி இல்லை. காங்கிரீட்டைச் சரியாக ஊற்றினால் அதைப்போல நிம்மதியான தரை கிடையாது. நம்மவர்கள் சரியாக ஊற்றுவதில்லை என்பதுதான் அதன் கெட்ட பெயருக்குக் காரணம்.

காங்கிரீட் காயும்போது சுருங்கும். அடியில் மண் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதால் சுருங்க இடமில்லாமல் இழுபடும். அழுத்தத்தைத் தாங்குவதில் கெட்டியான காங்கிரீட், இழுப்பைத் தாங்குவதில் அதில் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே விரிசல் வந்தே தீரும். எங்கே வர வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். நாலு இஞ்ச் தரையானால் எட்டு முதல் பத்தடிக்கு ஒரு கோடு, ஊற்றிய மறுநாளே, ஒரு இஞ்ச் ஆழத்துக்கு கட்டர் போட்டு வெட்டிவிட வேண்டும். விரிசல் அந்தக் கோட்டுக்குள்ளேயே நேராக இறங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. சுவர், தூண், படி இவற்றைத் தரை தொடும் இடத்தில் அரை இஞ்ச் தெர்மாகோல் வைக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்ய அரை நாள்கூட ஆகாது. ஆனாலும் செய்த வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். கம்பி வலை போட்டால் விரிசலே வராது என்று நினைக்கிறோம். வந்த விரிசல் வாய் திறக்காமல் பிடித்து வைப்பதுதான் கம்பியின் வேலை. அதுவும் வலை பலகையின் நடுவிலோ அதற்குச் சற்று மேலோ இருந்தால்தான். மண்ணில் கிடத்தி அதன்மேல் காங்கிரீட்டைக் கொட்டினால் அந்தக் கம்பியால் பயனில்லை.

கலவையில் தண்ணீர் கூடினால் தரை பலவீனமாகும், சுருக்கமும் கூடும். இழுத்துவிடச் சுலபம் என்று கொழகொழவென்று கலக்கச் சொல்வார்கள், பக்கத்தில் நின்று தடுக்க வேண்டும். இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். மணியாசுக் கட்டையால் மேற்பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்தும்போது மேலே தண்ணீர் மினுக்கும். அந்த ஈரம் போகட்டும் என்று வெறும் சிமெண்டைக் கைநிறைய அள்ளித் தூவித் தேய்ப்பார்கள். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டு வருடத்தில் அந்த மேல்தோல் வலைபோல வெடித்து, செதில் செதிலாக உரியும். அந்தத் தண்ணீர் தானாக வற்றும்வரை காத்திருந்து, தேய்த்து, கடைசியில் ஒரு விளக்குமாற்றை ஒரே திசையில் லேசாக இழுத்துவிட்டால் போதும். மழையில் வழுக்காத தரை அதுதான்.

பிறகு தண்ணீர் ஆற்றுவது. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் சிமெண்ட் பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி. காங்கிரீட்டுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 456 விதிப்படி கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், வெயில் கடுமையாக இருந்தால் 14 நாள் ஈரம் காய விடக்கூடாது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம், நனைத்த சாக்கு போடலாம். கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஊற்றி, மூன்றாம் நாள் பந்தல்கால் நட்டு, நாற்காலி போட்டு, சமையல்காரர் அடுப்பையும் அதன்மேலேயே வைத்துவிடுகிறார்கள். அந்தத் தரை எப்படி நிற்கும்? நானூறு சதுர அடிக்கு நாலு இஞ்ச், 1:1.5:3 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி) என்றால் ஏறக்குறைய 30 மூட்டை சிமெண்ட். அவ்வளவையும் கொட்டிவிட்டுக் கடைசியில் தண்ணீருக்குச் சிக்கனம் பார்க்கக் கூடாது.

பேவரிலும் ஏமாற இடம் உண்டு. ரப்பர் மோல்டில் ஊற்றி எடுக்கும் பளபளப்பான கல் ஒன்று, மெஷினில் அழுத்தி எடுக்கும் சொரசொரப்பான கல் ஒன்று. பளபளப்புக்கு மயங்கி முதல் வகையை வெளியில் போட்டால், கார்த்திகை மழையில் பாசி பிடித்து வழுக்கும். வெயிலில் நிறமும் மங்கும். இந்தியத் தரமான ஐஎஸ் 15658, ஆள் நடக்கும் இடத்துக்கு 50 மில்லிமீட்டர் கனத்தில் எம்30, கார் போன்ற லேசான வண்டிக்கு 60 மில்லிமீட்டரில் எம்35 என்று சொல்கிறது (எம் எண் கல்லின் வலிமையைக் குறிப்பது). கடைக்காரர் காட்டும் கல்லின் கனத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்கக்கூடாது. நன்றாகக் காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மேல் ஈரத்தைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடை போடலாம். மூன்றரைக் கிலோ கல் 210 கிராமுக்கு மேல் தண்ணீர் குடித்திருந்தால் அது அதே தரம் சொல்லும் 6 சதவீத வரம்பைத் தாண்டிவிட்டது, வேண்டாம். முதல் சில மாதம் கல்லின்மேல் வெள்ளையாக உப்பு பூத்தால் பயப்பட வேண்டியதில்லை. சிமெண்டில் மிஞ்சும் சுண்ணாம்பு மேலே வந்து காற்றோடு சேர்ந்து படிவது அது, மழையில் மெல்ல மறையும்.

கல்லைவிட முக்கியம் அடிப்படுக்கை. மண்ணை இடித்து, அதன்மேல் நாலு முதல் ஆறு இஞ்ச் ஜல்லி கலந்த கிராவலை மெஷின் வைத்து இறுக்கி, மேலே ஒன்று முதல் ஒன்றரை இஞ்ச் மணல். இங்கே மலிவு என்று கிரஷர் தூளைக் கொட்டுவார்கள். மாவு மாதிரியான அந்தத் தூள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, சக்கரம் ஏறி இறங்கும்போது சேறாக இடைவெளி வழியே பிதுங்கும், கல் இறங்கும். கரகரப்பான எம்-சாண்ட் போடச் சொல்லுங்கள். ஓரங்களில் கெர்ப் கல்லையோ சின்ன பீமையோ காங்கிரீட்டில் பதிக்காவிட்டால் மொத்தத் தரையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்து இடைவெளி அகலும். கார் நிற்கும் இடத்தில் கல்லை வலைப்பின்னல் வரிசையாக, ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்க வேண்டும். ஒரே திசையில் நேர்வரிசையாக அடுக்கினால் பிரேக் போடும் இழுப்புக்குக் கல் நகரும். கடைசியாக இடைவெளியில் காய்ந்த மணலைப் பெருக்கித் தள்ளி, மெஷினை ஓட்டி, இன்னொரு முறை பெருக்க வேண்டும்.

இனி அந்த வாசலில் வாழப்போகிறவர்கள். தினமும் கோலம் போடும் வீட்டில் பேவர் ஒரு சின்ன வேதனை. ஜிக்ஜாக் கல்லின் சரிவான ஓரங்களில் மாவு விழுந்துவிடும், இழை நேராக வராது, புள்ளி வைத்த இடம் பள்ளத்தில் போகும். எங்கள் தெருவில் ஒரு பாட்டி, பேவர் போட்டபின் பதினைந்து புள்ளிக் கோலத்தை விட்டுவிட்டு நாலு கோடு மட்டும் இழுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அதைப் பார்த்த பிறகுதான், முழுக்கப் பேவர் போட்டாலும் படிக்கு முன்னால் ஆறடிக்கு ஆறடி காங்கிரீட்டோ கருங்கல்லோ விடச் சொல்லும் பழக்கம் எனக்கு வந்தது. வற்றல் காயவைக்கவும் அந்த இடம் உதவும். வாக்கர் வைத்து நடக்கும் பெரியவர்களுக்கும், சக்கர நாற்காலிக்கும் கேட்டிலிருந்து படிவரை மூன்றரை அடி அகலத்தில் சமமான ஒரு பாதை தேவை. வாக்கரின் கால் கல் இடுக்கில் மாட்டினால் ஒரு விழுதல் போதும், இடுப்பெலும்புக்கு.

பேவரில் எறும்பு மணலை வெளியே தள்ளும், அருகம்புல்லும் கோரையும் இடுக்கில் முளைக்கும். மாதம் ஒரு முறை குனிந்து பிடுங்க ஆள் இல்லாத வீட்டுக்கு இது சுமைதான். வேம்போ தென்னையோ நிற்கும் இடத்தில் எது போட்டாலும் சுற்றிலும் மூன்றடி மண்ணை விடுங்கள். இறுக்கி மூடினால் மரத்துக்கும் கெடுதல், வேர் பருக்கும்போது தரைக்கும் கெடுதல். வெயிலில் இரண்டும் சுடும், அடர்ந்த நிறக் கல் இன்னும் சுடும்.

சென்னை மாதிரி ஊர்களில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வாசல் பள்ளமாகிவிட்ட வீடுகள் ஏராளம். அப்போது பேவராக இருந்தால் அதே கல்லை எடுத்து, கிராவல் நிரப்பி, உயர்த்திப் பதிக்கலாம். காங்கிரீட்டாக இருந்தால் அதன்மேல் இன்னொரு காங்கிரீட்தான், படியில் ஒன்று காணாமல் போகும்.

இப்போது என்னிடம் யாராவது கேட்டால் நான் சொல்வது இது: குழாய் போகும் பகுதியும், புதிதாக மண் நிரப்பிய பகுதியும் மணல் படுக்கைமேல் பேவர். படிக்கு முன்னும், நடைபாதையும் காங்கிரீட். சுவரோரம் இரண்டடி மண். கிரகப்பிரவேசத்துக்கு எதுவும் போட வேண்டாம், கிராவல் கொட்டி இடித்து, அதன்மேல் பந்தல் போட்டு விசேஷத்தை நடத்திவிடுங்கள். ஒரு மழைக்காலம் போகட்டும். மண் இறங்கவேண்டியது இறங்கிவிடும், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். தை பிறந்ததும் வேலையைத் தொடங்கலாம். வெயிலும் அப்போது கடுமையாக இருக்காது. பேவர் போட்டவர்கள் அதற்கடுத்த மழை முடிந்ததும் ஒரு சாக்கு காய்ந்த எம்-சாண்ட் வாங்கி இடுக்குகளில் இன்னொரு முறை பெருக்கிவிட வேண்டும். முதல் மழையில் பாதி மணல் உள்ளே இறங்கியிருக்கும்.